வேன் ஆன்ட்டி டீச்சரான கதை

விக்னேஸ்வரி எங்கள் பள்ளிக்கு வந்தது பாடம் நடத்துவதற்காக அல்ல. காலையில் வேனில் பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, பிரிஞ்சாங் மேட்டில் இருக்கும் பள்ளியில் பத்திரமாக இறக்கிவிடுவதுதான் அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் வேன் ஆன்ட்டி. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு கல்யாணம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடித்தனம். அவள் வீட்டுக்காரர் தர்மா, திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்கு முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறார். நான் பள்ளி ஆபீஸில் கிளார்க்.

எங்களுடையது இன்டர்நேஷனல் ஸ்கூல். ஒரே நிறுவனத்துக்கு நாடு முழுக்க ஏழு பள்ளிகள், அதில் சின்னது இந்த மலைப்பள்ளி. கட்டடம் நன்றாக இருக்கும், லேப் அதைவிட நன்றாக இருக்கும். ஆசிரியர்கள்தான் தங்கமாட்டார்கள். முதல் மாதம் மூடுபனியைப் படம் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் துணி காயவில்லை என்பார்கள். ஆறாம் மாதம் ராஜினாமா கடிதம் என் மேசைக்கு வரும். இரண்டே வருஷத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு நான்கு டீச்சர்கள் வந்து போனார்கள்.

நான்காவது ஆள் போன அன்று, ரெண்டு நாளைக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று பிரின்சிபல் மிஸ் லிம் விக்னேஸ்வரியிடம் சொன்னார். ரெண்டு நாள் மூன்று வாரமானது. வளைவுகளில் யாருக்கு வாந்தி வரும், பத்து மணி வரைக்கும் யார் வாய் திறக்காது என்பதெல்லாம் அவளுக்கு வேனிலேயே அத்துப்படி. அப்படி வாய் திறக்காத ஒரு குட்டிப்பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து, கியா பார்ம் காய்கறித் தோட்டங்கள் பக்கமிருந்து இறங்கும் லோரிகளை எண்ணச் சொன்னாள். மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை லோரியின் நிறம், அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்று முழு வாக்கியத்தில் பேசியது.

அந்த மாதம்தான் எங்கள் தலைமை அலுவலகம் மலைக்குக் கீழே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடும் அரசாங்கக் கல்வி இலாகாவோடும் ஒப்பந்தம் போட்டது. அதை டைப் செய்தது நான். பல்கலைக்கழகம் எங்கள் பள்ளி உதவியாளர்களை வேலையில் இருந்தபடியே படிக்கவைத்து ஆசிரியர்களாக்கும். பயிற்சியில் ஒரு பகுதியை அரசாங்கப் பள்ளியில் செய்தால் இலாகா அதை அங்கீகரிக்கும். எங்களுக்கு ஓடிப்போகாத ஆசிரியர்கள் கிடைப்பார்கள், வாசல் பலகையில் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஏறும். யாரும் இதைப் புண்ணியத்துக்குச் செய்யவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் புவான் ரோஹானா வந்து விக்னேஸ்வரியின் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷமாகக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று வாரம், அதற்கு முன்னால் வேனில் என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்து டிப்ளோமாவில் சேர்க்க வழி இருக்கிறது என்று விண்ணப்பத்தை அவள் கையில் கொடுத்தார்.

அதை அவள் ஒரு வாரம் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

"பேசிடுவேன்க்கா, இங்கிலீஷ்ல எழுத வராதுலா," என்றாள் என்னிடம்.

வீட்டில் தர்மா சொன்னதை மறுநாள் வந்து சொன்னாள். "லோரி லைசென்ஸுக்கு நான் மூணு தடவை தோத்தேன். நீ ஒரு தடவைகூட தோக்காம பயப்படுற."

அன்றைக்கே பூர்த்தி செய்தாள். லயத்தில் இணையம் சரியாகக் கிடைக்காது. அதனால் பள்ளி விட்டதும் என் ஆபீஸில் உட்கார்ந்துதான் வகுப்பு கேட்பாள். முதல் கட்டுரை சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. நான்கு முறை எழுதினாள்.

சிக்கல் பயிற்சிக் காலத்தில் வந்தது. அவளை அனுப்பியது அவளே படித்த, தோட்டத்தில் இருக்கும் அரசாங்கத் தமிழ்ப்பள்ளிக்கு. தலைமையாசிரியர் காளியண்ணன் முதல் நாளே நேராகக் கேட்டுவிட்டார்.

"மூணு மாசம் எங்க பிள்ளைங்ககிட்ட பழகிட்டு அங்க போய் டீச்சராயிடுவ. எங்களுக்கு என்னம்மா கெடைக்கும்?"

கேள்வி நியாயமானது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கள் லேப்பைச் சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா என்று மிஸ் லிம்மிடம் வந்து கேட்டாள். இன்சூரன்ஸ் சிக்கல், பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று காரணம் சொல்லி அவர் மறுத்துவிட்டார். விக்னேஸ்வரி வாதாடுகிறவள் இல்லை. என்னிடம் வந்து ஒப்பந்தத்தை எடுக்கச் சொன்னாள். ஏழாம் பக்கத்தில் இருந்தது: திட்டத்தில் பங்குபெறும் பள்ளிகள் வசதிகளைப் பகிர்ந்துகொள்ளும். டைப் செய்த நானே அதை மறந்திருந்தேன்.

அவள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து புவான் ரோஹானாவுக்கு அனுப்பினாள். அவர் இலாகாவோடு பேச, இலாகாவிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போனது. இலாகாவின் அங்கீகாரம் இல்லாமல் மற்ற ஆறு பள்ளிகளிலும் இந்தத் திட்டம் நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பத்து நாளில் அனுமதி வந்துவிட்டது. முதல் சனிக்கிழமை பதினாறு பிள்ளைகள் வந்து நுண்ணோக்கியில் தேயிலைக் கொழுந்தைப் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்து முடித்தபின் காளியண்ணன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

விக்னேஸ்வரி போன வருஷம் டிப்ளோமா முடித்தாள். அந்த வகுப்பு இப்போது அவளுடையது. எங்களுக்கும் நல்லதுதான் நடந்தது. இடம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் முதல்முறையாக நீண்டிருக்கிறது. மிஸ் லிம்மே மற்ற பள்ளிகளுக்குப் போய் சனிக்கிழமை லேப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு வருகிறார். சமையலறையில் வேலை செய்த தவமலர் இந்த வருஷம் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். விக்னேஸ்வரியின் பழைய கட்டுரைகள் இப்போது அவளிடம்.

அடுத்து பட்டப்படிப்பில் சேரச் சொல்லி போன வாரம் புவான் ரோஹானா கூப்பிட்டார். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று இவள் சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன்.

"சேருவேன்க்கா. இப்பதான் பிள்ளைங்க எல்லாம் தர்ட்டீனையும் தர்ட்டியையும் பிரிச்சு சொல்ல ஆரம்பிச்சிருக்குங்க. அது முடியட்டும்," என்று வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.