முதல் ஆலோசனை இலவசம்

இருபத்திரண்டு வருடம் மாடாய் உழைத்த கம்பெனி, ஆட்குறைப்பு என்று சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டது. மூன்றாம் மாதம் அவர் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துத் தொழில் ஆலோசகர் ஆனார். விசிட்டிங் கார்டில் 'முதல் ஆலோசனை இலவசம்' என்று போடச் சொன்னது நான்தான்.

முதலில் கிடைத்தது ஓர் அச்சகம். செலவைக் குறைக்க வழி கேட்டார் முதலாளி. இவர் அங்கே பில் போடும் பெண்ணின் பக்கத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, அவள் எந்த மணிக்கு என்ன செய்கிறாள் என்று கேட்டு எழுதினார். இவருக்கு வேலை போவதற்கு முன்னால் இவர் பக்கத்திலும் ஒருவன் இப்படித்தான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவள் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "நல்லபடியா எழுதுங்கண்ணா" என்றாளாம்.

நல்லபடியாகத்தான் எழுதினார். அவள் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்று ஒரே வரி. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

நேற்று அவள் போன் செய்தாள். பெயரைப் பார்த்ததுமே இவர் போனை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பெரிய ஆலோசகர்!

"அண்ணியா? எனக்கு வேலை போயிடுச்சு அண்ணி. சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட யோசனை கேக்கணும். கார்டுல முதல் தடவை இலவசம்னு போட்டிருக்கே, அது எனக்கும் உண்டா?"