பூந்தமல்லிக் கடையில் வைத்த சீட்டு

பட்டணத்துக்கு மேற்கே பழைய புத்தகம் கிடைக்கும் இடங்கள் என்று என் நோட்டில் ஐந்து எழுதி வைத்திருந்தேன். நான் கம்பவுண்டர் படிப்பில் சேர்ந்த வருஷம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியாகி, ஓடினவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்திருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன புத்தகங்கள் எடைக்குப் போய், மூட்டை மூட்டையாக எங்கள் பக்கத்துக் கடைகளில் வந்து இறங்கியிருந்தன.

ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் கோணி விரித்து, ராணுவ முகாமில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் நாவல்களை விற்றார். ஒன்றுக்கும் அட்டை இருக்காது. அம்பத்தூரில் பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும். ஜூன் மாதம் தாண்டினால் அந்தக் கடைக் கதவு திறக்காது. குமணன்சாவடியில் சைக்கிள் கடைக்காரர் பின்சுவரில் பலகை அடித்து நாற்பது ஐம்பது புத்தகம் அடுக்கியிருந்தார். கையில் மசகு ஒட்டினால் ஏதாவது ஒன்றின் கடைசித் தாளைக் கிழித்துத் துடைத்துக்கொள்வார். அங்கே வாங்கிய கதைகளுக்கெல்லாம் முடிவு கிடையாது. பூந்தமல்லியில் இரண்டு கடைகள். பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் விற்கும் கடை. மற்றது கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான அறை. இங்கே எழுதப்போவது அந்தக் கடையைப் பற்றி.

நான் தேடியது ஒரே ஒரு புத்தகம். மருந்து கலக்கும் முறைகளும், எந்த மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவுகளும் அடங்கியது. லண்டனில் அச்சாவது. யுத்தத்தில் கப்பல் வரவில்லை. எங்கள் வகுப்பு நடந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பிரதியைப் பூட்டி வைத்து, வகுப்பு நேரத்தில் மட்டும் எடுத்து வேகமாக வாசித்துக் காட்டுவார்கள். காதில் பிடித்தவரை எழுதிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் பாதிக் கேள்வி அளவுகளில்தான் வரும். மூர் மார்க்கெட்டில் கேட்டுப் பார்த்தேன். யுத்தம் முடியட்டும் என்றார்கள்.

வகுப்பில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எண்தான். நான் நான்கு. மதியம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள் பதினொன்று. அவள் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் கழனிகளைச் சர்க்கார் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு, அதே மண்ணில் முகாம் கட்டுவதற்குக் கல் சுமந்தார்கள். அவள் உபகாரச் சம்பளத்தில் படித்தாள். அப்படிப் படிப்பவர்களுக்கு ஒரே ஒரு பரீட்சைதான். தவறினால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பணம் கட்டிப் படித்த என்னைப் போன்றவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம். எனக்குத் திருமழிசையில் நிலமும் வீடும் இருந்தன. தவறினால் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு இருந்த ஆபத்து அவ்வளவுதான்.

நான் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவது அவளுக்கு வேடிக்கை. "எமன் வந்தாக்கூட அவன் கைல ஒரு லிஸ்ட்டு குட்த்துட்டுதான் நீ போவே" என்பாள். அவளும் அதே புத்தகத்தைத் தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் தேடுவது அவளுக்கும் தெரியும். சேர்ந்து தேடலாம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பூந்தமல்லிக் கடையில் நுழைந்தால் பாச்சை உருண்டையும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை அடிக்கும். கூரை வரை புத்தகங்கள். பல வீட்டு அலமாரிகள் ஒன்றாகக் கவிழ்ந்தது போல, சட்டப் புத்தகத்தின் மேல் சமையல் புத்தகமும் அதன் மேல் யாரோ ஒரு பெண்ணின் சங்கீத நோட்டும் கிடக்கும். வாசலில் ஒரு தராசு. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். முதல் தடவை நான் விலை கேட்டபோது சிரித்தார்.

"காசை வெச்சிகினு நான் இன்னா பண்றது தங்கச்சி? பேப்பர் கொண்டா."

காகிதம் கிடைக்காத காலம். மளிகைக் கடைகளில் பொட்டலம் கட்டத் தாளில்லை. பழைய காகிதத்துக்கு அவர்கள் என்ன கேட்டாலும் கொடுத்தார்கள். அதனால் அவர் கடையில் எடைக்கு எடை. தராசின் ஒரு தட்டில் புத்தகம், இன்னொரு தட்டில் காகிதம். பழைய செய்தித்தாள், பஞ்சாங்கம், கோர்ட்டுக் காகிதம், எதுவானாலும் சரி. உடனே கொடுக்கக் காகிதம் இல்லாதவர்கள் ஒரு சீட்டில் பெயரும் தேதியும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அதை வேறு யாருக்கும் நிறுக்க மாட்டார். சீட்டு வைத்த புத்தகத்தையும் அலமாரியிலேயே விட்டிருப்பார். வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், சீட்டைக் கண்டதும் திருப்பி வைத்துவிடுவார்கள். காவலுக்கு அவர் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் எங்களுக்கு அரை நாள். அப்படி ஒரு வியாழக்கிழமை, கரியில் ஓடும் பஸ் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்னாலிருந்த அடுப்பைக் கிளறிய பிறகுதான் பூந்தமல்லி வந்து சேர்ந்தது. எப்போதும் போல என் பையில் அப்பாவின் பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. மூன்றாவது அலமாரியில், குதிரை வைத்தியம் பற்றிய தடித்த புத்தகத்துக்குப் பக்கத்தில், சிவப்புக் காலிகோ அட்டையோடு நான் தேடிய புத்தகம் நின்றது.

எடுத்துப் பார்த்தேன். முதுகு செல்லரித்திருந்தது, பக்கங்கள் முழுசாக இருந்தன. அளவுப் பட்டியல் வரும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. அங்கே ஒரு சீட்டு. ஞாயிற்றுக்கிழமைத் தேதி. கீழே பெயரில்லை, "11" என்று மட்டும். எழுத்துகளை உருட்டி உருட்டி எழுதும் அந்தக் கை எனக்குத் தெரியும்.

சேக்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு அவள் நடந்து வந்திருப்பாள். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஒரு வீசைக் காகிதம் சேர்க்க ஒரு வாரம் கேட்டு, சீட்டு வைத்துவிட்டு நடந்து திரும்பியிருப்பாள். இதெல்லாம் அந்த நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று எழுத முடியாது.

காரணங்கள் வரிசையாக வந்தன. ஒன்று, அவளால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவ்வளவு காகிதம் சேர்க்க முடியாது. இரண்டு, திங்கள் முதல் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று, நான் வாங்கினால் அவளுக்கும் படிக்கக் கொடுக்கலாம். புத்தகம் வெளியார் கைக்குப் போகாது. கடைக்காரர் வாசலில் மளிகைக் கடை ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். சீட்டை எடுத்தேன். கீழே போடவோ கசக்கவோ மனம் வரவில்லை. குதிரை வைத்தியப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அவர் தராசில் புத்தகத்தை வைத்தார், எதிர்த்தட்டில் பஞ்சாங்கங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பாதியில் நிறுத்தினார்.

"இதுல ஒரு சீட்டு இருந்தாப்ல கீதே தங்கச்சி?"

"இல்லையே அண்ணே."

அவர் புத்தகத்தைப் பிடித்து ஒருமுறை உதறினார். எதுவும் விழவில்லை. "செரி, எட்த்துகினு போ" என்றார்.

திங்கட்கிழமை மதியம் அவள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துச் சீட்டு வைத்ததாகவும், ஒரு வாரம் முகாமைச் சுற்றி சிமெண்டு மூட்டைக் காகிதம் பொறுக்கி, உதறி, மடித்து, தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனதாகவும். போனால் புத்தகம் இல்லை. கடைக்காரர் தேடி, சீட்டைக் குதிரை வைத்தியத்திலிருந்து எடுத்துக் காட்டினாராம்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. அவசரத்துல நான்தான் மாத்தி வெச்சிட்டேன் போல" என்றாள். "கைக்கு வந்தப்புறம் உன்கைல சொல்லிட்டு ரெண்டு பேருமா படிக்கலாம்னு இருந்தேன்."

பிறகு, நானெல்லாம் குதிரைக்குத்தான் மருந்து கலக்கணும்போல என்று அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது காரணம் அன்றோடு போயிற்று. புத்தகத்தைக் கொடுத்தால் எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வகுப்புக்கே எடுத்துப் போகவில்லை. வீட்டில் நெல் மூட்டைகள் போட்டிருந்த அறையில் உட்கார்ந்து படித்தேன். அப்போது பரீட்சைக்கு எட்டு வாரம் இருந்தது. அவள் வகுப்பில் விட்டுப்போன அளவுகளை என் நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வாள். அந்த நோட்டில் நான் வகுப்பில் எழுதியது மட்டுமே இருந்தது. இப்படி ஐந்து வாரம் போயிற்று.

அதற்கு மேல் முடியாமல், அளவுப் பட்டியலை மட்டும் பன்னிரண்டு தாளில் எழுதி எடுத்துப் போனேன். காஞ்சிபுரத்தில் ஓர் உறவுக்காரப் பெண் வைத்திருந்த நோட்டிலிருந்து எழுதியது என்றேன். அவள் சந்தோஷமாக வாங்கி அங்கேயே படிக்க ஆரம்பித்தாள். நான்காவது தாளில் நின்றுவிட்டாள்.

அந்தப் புத்தகத்தை முன்னால் வைத்திருந்தவர் யாரோ ஒரு நர்ஸாக இருக்க வேண்டும். ஒரு மருந்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஓரமாக எழுதியிருந்தார்: கைக்குழந்தைக்குக் கொடுக்காதே, நான் பார்த்திருக்கிறேன். எதையும் விடாமல் எழுதும் பழக்கத்தில் நான் அதையும் எழுதியிருந்தேன். அது இருந்த இடத்திலேயே, ஓரமாகவே எழுதியிருந்தேன்.

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். கடையில் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் நின்று படித்திருப்பாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"சீட்டை நான் சரியாத்தான் வெச்சிருக்கேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "புக்கை நாளைக்கு எட்த்துகினு வா" என்றாள். "ஒரு நாள் என்கைல, ஒரு நாள் உன்கைல."

முழுவதும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் ஒப்பவில்லை. பரீட்சை வரை மூன்று வாரம் அப்படித்தான் நடந்தது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் புத்தகம் கை மாறும். அட்டைக்கு அவள் செய்தித்தாள் போட்டிருந்தாள். மதியம் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் என்ன சண்டை என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் காற்று வருகிறது என்று சொன்னாளாம்.

பரீட்சை முடிந்து ஒரு மாதத்தில் தேறியவர்களின் எண்களைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார்கள். நான்கு இருந்தது. அவள் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தாள். ஒன்பதுக்குப் பிறகு பன்னிரண்டு. நான் எப்போது வேலையில் சேர வேண்டும் என்று கேட்டாள். ஒன்றாம் தேதி என்றேன். நல்லது என்றாள்.

வாசல் வரை கூடவே நடந்தேன். அந்த ஐந்து வாரம் மட்டும் புத்தகம் உன்னிடம் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"இருந்தா பாஸ் ஆயிருப்பனா, மாட்டனா? எனக்குத் தெரில. உனக்கும் தெரியாது" என்றாள். "உட்டுடு."

ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள். நான் பஸ்ஸுக்குப் போனேன்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. யுத்தம் இன்னும் முடியவில்லை, முகாம் சேக்காட்டுப் பக்கம் இன்னும் நீண்டுவிட்டது, அவள் வீடு இருந்த வரிசை இப்போது வேலிக்கு உள்ளே இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லக்கூடிய யாரையும் எனக்குத் தெரியாது. அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் புத்தகத்தில் எந்தப் பக்கம், அதை வகுப்பில் படித்தார்களா, அவள் கையில் புத்தகம் இருந்த நாட்களில் அதைப் படித்திருக்க முடியுமா என்று தாளில் நெடுக்கே கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். ஏழு கேள்விகள். முதல் இரண்டு பத்திகளை நிரப்பிவிட்டேன். மூன்றாவதில் எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை.