வள்ளிக்கு மட்டும் உதிராத மரு

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அந்தச் சாலையில் ரெட்டியார்சத்திரத்தோடு நின்றுபோன ஒரு பயணத்தை. 1964, மே மாதம். எனக்கு இருபது வயது. திருச்சியில் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மாவின் தம்பி தங்கராசு மாமாவுக்கு என்னைக் கொடுப்பது என்று நான் பாவாடை கட்டிய காலத்திலேயே பேசிவைத்திருந்தார்கள். எனக்கும் மாமாவைப் பிடிக்கும். பரிசம் போட நாள் குறிக்க அப்பா கிளம்பினார். அந்த மாதிரிப் பேச்சுக்குப் பெண்ணை யாரும் கூட்டிப்போவதில்லை. வள்ளியைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்துக்கொண்டு போனேன்.

வள்ளி என் பெரியம்மா மகள். எனக்கும் அவளுக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். பத்து வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அவர்கள் வீட்டில் இருந்தேன். அப்போது எங்கள் இருவருக்கும் புறங்கையில் தட்டை தட்டையாக மரு வந்தது. உப்பும் மிளகும் கோயிலில் போட்டோம். திருச்சிக்குத் திரும்பி அடுத்த பொங்கலுக்குள் எனக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது. தழும்புகூட இல்லை. வள்ளிக்கும் உதிர்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஏதேதோ காரணம் சொல்லி வீட்டில் என்னை அங்கே அனுப்பவில்லை. இந்தப் பயணத்துக்கு முந்தின வருடம் அவளுக்குப் பேசிய கல்யாணம் நின்றுபோனது என்று மட்டும் காதில் விழுந்தது.

காலை வண்டியில் ஏறினோம். மணப்பாறையில் அப்பா முறுக்கு வாங்கினார். திண்டுக்கல் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரி எஞ்சின், ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முகமெல்லாம் புகை. அங்கிருந்து பழனி பஸ்ஸில் ரெட்டியார்சத்திரம் ஏழெட்டு மைல். டிக்கெட் நாற்பது காசுக்குள்தான் இருக்கும். இறங்கி, தக்காளியும் வெங்காயமும் போட்ட காடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடை. மே மாத வெயிலில் அந்த நடையை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெரியம்மா தண்ணீர் கொடுத்தார், சாப்பாடு போட்டார், வள்ளி எங்கே என்றால் தோட்டத்தில் என்றார். சாயங்காலம் ஆகியும் அவள் வரவில்லை. நானே போனேன். மல்லிகைக் கொடிகளுக்குப் பின்னால் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கைகளை மூடினாள். மூடி என்ன பயன், கழுத்திலும் நெற்றியிலும் இருந்தது. சில இடங்களில் பழுப்புத் திட்டாக, சில இடங்களில் வேப்பமரப் பட்டை மாதிரி. பக்கத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த அவள் அண்ணன் முருகேசன் நிமிர்ந்து சிரித்தார். அவருக்கும் அதேதான், இன்னும் அதிகமாக. அவர்கள் மூன்று பேரில் நடு அண்ணன் ஒருவருக்கு மட்டும் உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை.

என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் அதைக் குஷ்டம் என்று சொல்லித்தான் மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்களாம். குஷ்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கும் வள்ளியைக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

“ஊசி வச்சுக் குத்திக் குத்திப் பாத்தாக. குஷ்டம்னா வலி தெரியாதாம். எனக்கு நல்லா வலிச்சுச்சு. வலிக்குதுன்னதும், இது அது இல்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாக” என்றாள் வள்ளி. “அப்ப எதுன்னு யாரும் சொல்லல.”

அன்றிரவு பெரியம்மா வேறொன்று சொன்னார். குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாயைத் தன் மாமியார் விற்றுவிட்டாராம், அந்தக் குறைதானாம். இன்னொரு சமயம், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தான் கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்றார். இரண்டையும் ஒரே உறுதியோடு சொன்னார். எனக்கோ, ஒரே வாய்க்காலில் குளித்து ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் என்னை விட்டது ஏன், அவளைப் பிடித்தது ஏன் என்பதே புரியவில்லை.

மதுரையிலிருந்து தோல் டாக்டர் ஒருவர் வாரம் ஒருநாள் திண்டுக்கல்லுக்கு வருவதாகத் தங்கராசு மாமா கேள்விப்பட்டிருந்தார். அவருடைய தோட்டம் பெரியம்மா தோட்டத்தை ஒட்டியது. மறுநாள் வள்ளியையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் வள்ளிக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பார்த்துவிட்டுக் கூடையோடு எழுந்து நின்றாள். இடம் இருக்கிறது, உட்காருங்கள் என்று கண்டக்டர் சொல்லியும் கேட்கவில்லை. மாமா எழுந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். இது மருதான் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருவது. வைரஸ் என்று பெயர். பெரும்பாலும் எல்லோருக்கும் வரும், உடம்பே அதை விரட்டிவிடும் என்றார். பிறகு வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். பெரியம்மா கட்டிக்கொண்டதே தன் தாய்மாமனைத்தான் என்று மாமா சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார்.

“கிருமி எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. அதை விரட்டுற சக்தி சில குடும்பத்துல சிலருக்கு இல்லாம பிறந்துடுது. ரத்தசொந்தத்துல கல்யாணம் பண்ற வீட்ல இதை அதிகம் பார்க்கிறாங்க. ஆனா, இது கிருமியே இல்ல, பிறவியிலேயே தோல் அப்படின்னு எழுதறவங்களும் இருக்காங்க. எனக்கே தீர்மானமாத் தெரியாது.”

மருந்து என்று பெரிதாக ஏதும் இல்லை. வெயிலில் நிற்கக்கூடாது, புண் ஏதாவது ஆறாமல் இருந்தால் உடனே மதுரைக்கு வர வேண்டும் என்றார். தோட்டக்காரப் பெண்ணிடம் வெயிலில் நிற்காதே என்கிறாரே என்று நினைத்தேன். எழுந்திருக்கும்போது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் என் கேள்வியைக் கேட்டேன். நானும் தாய்மாமனைத்தான் கட்டப்போகிறேன், எங்கள் பிள்ளைகளுக்கு வருமா?

“வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

வெளியே மாமா நுங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் விசாரிக்கப் போனார். புளியமரத்தடியில் நாங்கள் இருவர் மட்டும்.

“கட்டிக்கிறதும் கட்டாததும் ஓன் இஷ்டம் சரோசா” என்றாள் வள்ளி. “வேணாம்னா, என்னையக் காட்டி வேணாம்னு சொல்லிறாத. என்னைய வச்சு ஊருல அம்புட்டுப் பேச்சும் பேசியாச்சு.”

அன்று மாலை பம்புசெட் பக்கத்தில் மாமாவும் கேட்டுவிட்டார். “பயமா இருந்தாச் சொல்லு புள்ள. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.” பயமாக இருந்ததா? வள்ளியைத் தொட்டுப் பேசப் பயமில்லை. மாமாவைக் கட்டப் பயமில்லை. பிறக்காத பிள்ளையை நினைத்துத்தான் பயம். ஆனால் நடு அண்ணன் நன்றாகத்தானே இருக்கிறார்? எனக்கு உதிர்ந்துவிட்டதே, அப்படியென்றால் என்னிடம் அந்தக் குறை இல்லை என்று அர்த்தமா? யாரிடம் கேட்பது? தெரியல மாமா என்றேன். நாள் குறிக்காமலே நானும் அப்பாவும் திருச்சிக்கு ரயில் ஏறினோம்.

அடுத்த தை வரை அம்மா கேட்கும்போதெல்லாம் தெரியல என்பதே என் பதில். ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்ததைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். மாமாவும் எத்தனை நாள் காத்திருப்பார்? வேடசந்தூர்ப் பக்கம், சொந்தம் இல்லாத அசலில் பெண் எடுத்தார். கல்யாணத்துக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டு வந்தேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

முருகேசன் அண்ணன் நாற்பது வயதுகூடக் காணவில்லை. நெற்றியில் ஆறாத புண், அது புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வள்ளி வெயிலுக்கு முன்னால் பூப்பறித்து முடித்துவிடுவாள். முழுக்கை ரவிக்கையோடு, தலையில் துண்டோடு எழுபதைத் தாண்டிவிட்டாள்.

எனக்கும் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என் மகள் டாக்டர். குணங்களைச் சுமந்து வரும் மரபணு இரண்டு இரண்டாக வரும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து, இரண்டும் பழுதாக இருந்தால்தான் அந்த வைரஸை உடம்பால் கட்டுப்படுத்த முடியாமல் போகும் என்று அவள் விளக்கினாள். பழுது ஒன்றே ஒன்று எனக்கு இருந்திருக்கலாம்; மரு உதிர்ந்ததை வைத்து இல்லை என்று சொல்ல முடியாதாம். சின்ன வயதில் எனக்கும் வள்ளிக்கும் வந்தது ஒரே வகை வைரஸ்தானா என்றும் இப்போது சொல்ல முடியாதாம். மாமாவைக் கட்டியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள். அதைக் கேட்டு நிம்மதி அடைவதா வருத்தப்படுவதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கோடையில் வேண்டாம், மார்கழி, தை நல்லது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம் பஸ் எப்போதும் கிடைக்கும், அரை மணி நேரத்துக்குள் ரெட்டியார்சத்திரம். சொந்தத்தில் சம்பந்தம் பேசப் போகிறீர்கள் என்றால், மரபணு பற்றி ஆலோசனை சொல்லும் டாக்டர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பாருங்கள். அவர்களும் உறுதியாகச் சொல்லாமல் போகலாம், ஆனால் எவ்வளவு தெரியாது என்பதையாவது சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் போனபோது, மகள் சொன்னதையெல்லாம் வள்ளிக்குச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

“அப்ப கிடா வித்தது, கிரகணம், ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

“யாரு மேலயும் தப்பில்ல?”

“இல்ல வள்ளி.”

பெரியம்மா போய் அப்போது முப்பது வருடம் ஆகியிருந்தது.

“இத அம்மாட்ட யாராச்சும் சொல்லிருக்கலாம்” என்றாள்.