இளநீர் விரதமும் அவள் ரத்தத்தில் ஏறிய உப்பும்

பல வருஷமாக இதை எழுத உட்காருவேன், பேனாவை மூடிவிடுவேன். அம்மனைக் குறை சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால்? அந்தப் பயம்தான்.

தொண்ணூற்றொன்று, ஆடி மாசம். வடக்குப்பட்டிலிருந்து மறைமலை நகருக்கு ஷிப்டு போய்வந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்குச் சின்ன வயசுக் காய்ச்சலால் இதயம் தாளம் தப்பி அடிக்கும். கால் வீக்கத்துக்கு நீர் பிரிய மாத்திரை; நீரோடு போகிற பொட்டாசியம் என்கிற உப்பை ஈடுகட்ட ஒரு சிரப். "நெஞ்சு ஒழுங்கா அடிச்சா போதும் தாயே" என்று வேண்டிக்கொண்டு, ஆடி முழுக்க இருப்பதாக விரதம் எடுத்தாள். பகலெல்லாம் இளநீர், பொழுது சாய்ந்தால் வாழைப்பழம். மருந்தையும் விடவில்லை. குளிர்ச்சிதானே என்று நானே சைக்கிளில் குலை குலையாகக் கொண்டுவந்து போட்டேன்.

கூழ் ஊற்றுகிற அன்று காலையில் எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரவேயில்லை போலிருந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருகிற வரைக்கும் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்தார்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. குறைஞ்சாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து. இதயம் நின்னே போயிடும். என்னம்மா சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல சார். எளநிதான். பொழுது சாஞ்சா வாழப்பழம்."

"சிரப்புல இருக்கறதுதாம்மா எளநியிலயும் வாழப்பழத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் நிறுத்து."

ஊசி போட்டுவிட்டுப் போனார். அவளோ, "மாசம் முடியலியே. பாதியில வுட்டா சாமி குத்தம்" என்றாள்.

எனக்கு அந்தப் பயமும் உண்டு. ஆனாலும் கேட்டேன்: "நீ பூட்டா நான் இன்னா பண்ணுவேன்? சோறு வடிக்கக்கூடத் தெரியாதே."

"தெரியும். கஞ்சியோட சோத்தையும் சாக்கடையில ஊத்தினவராச்சே." படுத்தபடியே அம்மனைக் கும்பிட்டாள். "சரி, வூட்டுல கீற எளநிய அவளுக்கே ஊத்திடுங்க. மிச்ச நாளு அவ குடிக்கட்டும்."

அம்மன் கோயிலில் அபிஷேகத்துக்கு ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தேன். தாயே, கோபமிருந்தால் என்மேல் காட்டு என்று மட்டும் வேண்டினேன். மறுபடி எடுத்த ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது. அவளுக்குத் தாளம் இன்றைக்கும் தப்பித்தான் அடிக்கிறது. தூங்கும்போது அவள் கையைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்குப் போகவில்லை.

இதய மருந்து சாப்பிடுகிறவர் யாராவது விரதம் எடுத்தால் இதைச் சொல்லுங்கள். இளநீர் விஷம் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். அம்மன் சோதித்தாள் என்றும் சேர்க்காதீர்கள். நடந்தது இவ்வளவுதான். இப்படியே சொல்லுங்கள்.