எழும்பி நின்ற நோயாளி

தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதே வளவில் தாதிமார் பள்ளிக்கூடம் ஒன்றும் இருந்தது. மாணவர்கள் எங்கள் மண்டபத்தில்தான் சாப்பிடுவார்கள். ஜெர்மன் பெண்கள், ஒரு துருக்கிப் பெண், எதற்கும் மிளகாய்த்தூள் கேட்கும் கானா நாட்டுப் பெடியன், எங்கள் மன்னார்ப் பெண் ஒருத்தி. நான் யாருடனும் அதிகம் பேசமாட்டேன். தட்டை வாங்குவேன், தலையைக் குனிவேன்.

மன்னார்ப் பெண்தான் வலியப் பேசுவாள். முதல் நாள் ஆசிரியை வகுப்புக்குள் வந்ததும் அவளும் துருக்கிக்காரியும் கானாக்காரனும் சட்டென்று எழும்பி நின்றார்களாம். ஜெர்மன் பெண்கள் அசையவில்லை. எங்காவது தீப்பிடித்துவிட்டதா என்று ஆசிரியை திரும்பிப் பார்த்தாராம். அந்தப் பழக்கத்தை விட மூவரும் பெரும் பாடுபட்டார்கள்.

ஆறாம் மாதம் அவளுக்குச் செய்முறைப் பரீட்சை வந்தது. பக்கவாதம் வந்தவராக நடிக்க ஓர் ஆணைக் கூட்டிவந்து, கட்டிலில் வைத்தே துடைத்துக் காட்ட வேண்டும். தவறினால் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு அத்தோடு சரி. பிற ஆண்களைத் தொடுகிற படிப்பு எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்று சொன்ன அவள் தகப்பன் அதற்காகத்தான் காத்திருந்தார். வகுப்பில் இருந்த ஒரே ஆணான கானாக்காரனைப் படுக்கவைத்துப் பழகிப் பார்த்தாள். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டி நின்றன. ஈரத்துணி பட்டதும் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

குசினிக்கு வந்தாள். "அண்ணை, ஒரு உதவி. பரீட்சையில நோயாளியாச் சும்மா படுத்துக் கிடந்தாக் காணும். முகம், கை, முதுகு மட்டுந்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் சொன்னேன். "படுத்துக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியாத வேலையே? போங்கோ" என்றாள் மனைவி.

பரீட்சை அன்று வலது பக்கம் விளங்காதவனாகக் கட்டிலில் கிடந்தேன். உதவிக்கு வந்த கானாக்காரன் கதிரையில் இருந்தான். கதவு திறந்து ஆசிரியை வந்தார்.

நான் எழும்பிக் கைகட்டி நின்றேன். ஐந்தாம் வகுப்புவரை படித்ததில் மறக்காமல் இருந்தது அது ஒன்றுதான். என்னைப் பார்த்த கானாக்காரனும், விட்ட பழக்கம் திரும்பி, எழும்பிவிட்டான்.

ஆசிரியை பக்கவாத நோயாளியை மேலும் கீழும் பார்த்தார். மன்னார்ப் பெண் சிரிக்கவில்லை. என் வலப்பக்கம் வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தனியாக எழும்பக்கூடாது, விழுந்துவிடுவீர்கள் என்று ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னாள். இருத்தினாள். விளங்காத காலைத் தூக்கி வைத்துச் சரித்துப் படுக்கவைத்தாள். பிறகு காதோரம் தமிழில், "அண்ணை, இனி ஆண்டவர் வந்தாலும் எழும்பாதேங்கோ" என்றாள்.

நான் கண்ணை மூடிப் போர்வையை இறுக்கிப் பிடித்தேன். விளங்காத கையாலும் பிடித்திருக்கிறேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தாள்.

தேறிவிட்டாள். சொல் கேளாத நோயாளியைப் பதறாமல் கையாண்டாள் என்று ஆசிரியை தனியாகப் பாராட்டினாராம். தகப்பன் காத்திருந்தது வீணாயிற்று.

அடுத்த கிழமை ஆசிரியை கோப்பி எடுக்கக் குசினிப் பக்கம் வந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கத்தியும் கையுமாக எழும்பினேன். அவர் கையைக் காட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல், படுத்தே இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.