சூரியன் விழுமுன் ஒரு கையெழுத்து

எர்ணாகுளத்திலிருந்து பாறசாலைக்கு ரயிலில் இருநூற்று ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1996 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டே காலுக்குப் புறப்பட்டோம். பதினான்கு சாரணப் பையன்கள், அவர்களுக்குப் பொறுப்பாளர் என்ற பேரில் நான், எங்கள் எல்லோருக்கும் பொறுப்பான ஏலியாஸ் சார், நான்கு கூடாரம், இரண்டு அண்டா, ஒரு தகரப் பெட்டி. எனக்கு வயது நாற்பத்தேழு. அரைக்கால் சட்டையில் என்னைப் பார்த்த என் மனைவி, வாசல் வரைக்கும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களாம்.

எங்கள் படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் ஒரு யூத ஜெப ஆலயத்தின் பின்னறைதான் எங்களுக்கு இடம். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது ஆலயத்தார் தொடக்கத்திலேயே வைத்த விதி. அப்படிச் சேர்ந்தவர்களில் அந்த வருஷம் மிஞ்சியது ஐந்து முஸ்லிம், ஐந்து கிறிஸ்தவர், நான்கு இந்துப் பையன்கள். கடைசி இரண்டு யூதப் பையன்களும் பெற்றோரோடு இஸ்ரேலுக்குப் போய் இரண்டு வருஷமாயிற்று. யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் தேறாமல் முன்னறை பூட்டிக் கிடந்தது. பின்னறையில் பதினான்கு பேர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆலயத்தின் சாவி ஏலியாஸ் சாரிடம். அவரும் பிப்ரவரியில் இஸ்ரேலுக்கு, மகனிடம் போகிறார். படையின் பதிவை வருஷாவருஷம் புதுப்பிக்க, இடம் கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். நான் இருக்கப் போவதில்லை, எந்த முகத்தோடு ஒரு வருஷத்துக்கு வாக்குக் கொடுப்பேன் என்று மூன்று மாதமாக அவர் மறுத்துவந்தார். புதுப்பிக்கக் கெடு அந்தச் சனிக்கிழமை நண்பகல். தவறினால் படை கலைய வேண்டியதுதான். மாநில அலுவலகத்து ஆய்வாளர் அன்றைக்குப் பாறசாலைப் பக்கம் வருகிறார் என்று தெரிந்ததும், அருகே கொல்லயில் என்ற ஊரில் என் மைத்துனன் செல்வராஜின் தென்னந்தோப்பில் முகாம் போட ஏற்பாடு செய்தேன். பையன்களோடு இரண்டு நாள் இருந்தால் கிழவர் மனம் இளகும் என்று கணக்கு. என் கணக்குகள் பொதுவாக எப்படி முடியும் என்பது என் அலுவலகத்துக்குத் தெரியும்.

பகல் 12.10. கொல்லம். இன்ஜினில் ஏதோ கோளாறு என்று வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. இரண்டு ரூபாய்ப் பழம்பொரியை, அதுதான் வாழைப்பழ பஜ்ஜியை, காகிதத்தில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டே ஏலியாஸ் சார் சொன்னார், கையெழுத்துப் போடுகிறேன் என்று. சாவியைப் பக்கத்து வீட்டு மசாலாக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவாராம். பின்னறையை அவர் திறந்துவிடுவாராம். மூன்று மாதமாக நான் கெஞ்சியது ஒரு பழம்பொரிக்குள் முடிந்துவிட்டது.

படிவம் தகரப் பெட்டியில் இருந்தது. நான் எதையும் தொலைப்பவன் என்பதால் என்னிடமிருந்து காப்பாற்ற நானே அதில் வைத்துப் பூட்டினேன். பெட்டிக்கு மேல் நான்கு கூடாரம், கூடாரங்களுக்கு மேல் புனலூர்க்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "பாறசாலையில இறங்கினதும் போட்டுக்கலாம் சார்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

4.35. பாறசாலை. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளி சூரியன் விழுந்ததிலிருந்து சனி மாலை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஏலியாஸ் சாருக்கு ஓய்வு நாள். தீ மூட்டமாட்டார், வண்டி ஏறமாட்டார், எழுதமாட்டார். எங்கள் பையன்களுக்கு இதில் ஒரு கட்டாயமும் கிடையாது. ஆனாலும் முகாம்களில் அவர்களும் இதைக் கடைப்பிடித்தார்கள். அறை கொடுத்தவர் வீட்டு நாள் நமக்கும் நாள் என்று முன்பிருந்த பெரிய பையன்கள் எப்போதோ தீர்மானித்ததாம். சூரியனைப் பார்த்து விசில் ஊதுவது அணித்தலைவன் ஷாஃபியின் வேலை. பதினைந்து வயது. தகப்பனார் மட்டாஞ்சேரியில் மீன் ஏலம் விடுகிறவர்.

ஸ்டேஷனுக்கு வெளியே சாமான்களை ஒரு ஜீப்பில் ஏற்றினோம். அறுபது ரூபாய். ஜீப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவிய ரெண்டு பேரும் காரக்கோணம் ஆசுபத்திரிக்கு ஆக்கும். விட்டுட்டு நேரே ஒங்க தோப்புக்கு வாறேன்" என்றார் டிரைவர் சுகுமாரன். "அரை மணிக்கூறு கூட ஆகாது."

தலையாட்டினேன். ஜீப் போய், தூசியும் அடங்கிய பிறகுதான் பெட்டியும் அதில் போகிறது என்று எனக்கு உறைத்தது. ஓடினேன். நாற்பதடி ஓடியிருப்பேன். ஓட்டம் என்று அதைச் சொன்னது நான் மட்டும்தான். பையன்கள் வேறு ஏதோ சொன்னார்கள்.

5.40. ஐந்து கிலோமீட்டர் நடந்து கொல்லயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோப்பின் மேற்கே வயல், வயலுக்கு அப்பால் சூரியன். செல்வராஜ் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஆக்கி வைத்திருந்தான். என்னைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"அத்தான், ஏன் இப்பிடி வெயர்க்குது? நெஞ்சுவலி உண்டா? காரக்கோணத்துக்குக் கொண்டு போவலாமா?"

காரக்கோணம் என்று கேட்டதும் உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

ரோட்டுக்கும் தோப்புக்குமாக நான் நடந்த நடையை மைத்துனன் வீட்டு மாடு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. 6.02க்கு ஹார்ன் கேட்டது. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வரவேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் காத்திருந்தாராம் சுகுமாரன். அவரை என்ன சொல்லித் திட்டுவது? பெட்டியை வரப்பு வழியாக நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பூட்டைத் திறக்கிற அவசரத்தில் சாவியை இரண்டு முறை சேற்றில் போட்டேன். படிவத்தை ஏலியாஸ் சாரின் மடியில் விரித்துப் பேனாவைத் திறந்து கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வாசிக்கத் தொடங்கினார். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர். மேலிருந்து நான்காவது வரியில் விரல் இருந்தபோது, வரப்பில் நின்ற ஷாஃபி விசில் ஊதினான்.

ஏலியாஸ் சார் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். அடுப்புக்கு விறகு எடுத்துவந்த பையன் அதைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

நான் வரப்புக்குப் போய், "உனக்குக் கண்ணு இல்லையாடா? அரை நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"கண்ணு இருந்ததுகொண்டுதான் சார் ஊதினேன்" என்றான். அவன் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை 10.30. ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர், அதுதான் பெரிய கஷ்டம். கடுகடுவென்று இருந்திருந்தால் அவரைக் குறை சொல்லியாவது பிழைத்திருப்பேன். கூடாரங்களைப் பார்த்தார், முடிச்சுகளைப் பார்த்தார், இவ்வளவு ஒழுங்கான படையை இந்த வருஷம் பார்க்கவில்லை என்றார். ஏலியாஸ் சார் எழுந்து நின்று, எங்கள் அறையை இவர்களுக்குத் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாயால் சொன்னார். வாயால் சொன்னதை ஃபைலில் எப்படிச் சேர்ப்பது என்று ஆய்வாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், அந்தத் தென்னையில் இளநீர் கிடைக்குமா, குடித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று செல்வராஜைக் கூட்டிக்கொண்டு தோப்பின் மறுகோடிக்கே போய்விட்டார்.

பத்து நிமிஷம். ஏலியாஸ் சாரின் கையெழுத்து எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பழைய படிவங்களில் ஆறு வருஷம் பார்த்தது. பெட்டிமேல் படிவத்தை வைத்துப் பேனாவைத் திறந்தேன். வேடிக்கை செய்வதுபோலச் சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். பையன்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தாஸே," என்றார் ஏலியாஸ் சார். "எழுதுகதுக்கு உனக்கு விலக்கு ஒண்ணும் இல்லை. என் பேரை மட்டும் எழுதண்டாம்."

வேறு யார் பேரை எழுதுவது? என் பேரை எழுதினேன். ஆய்வாளர் திரும்பி வந்து, இடம் தரும் அமைப்பு என்ற கட்டத்தில் எம். தாசையன் என்று இருப்பதை வெகுநேரம் பார்த்தார். அமைப்பின் முகவரி என்ன என்று கேட்டார். இரண்டு அறை உள்ள வாடகை வீடு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, பையன்களுக்கு சல்யூட் வைத்து, ஸ்கூட்டரை உதைத்தார். 12.05க்கு, கெடு தாண்டி ஐந்து நிமிஷத்தில், சத்தம் முழுக்க அடங்கியது.

அன்று மாலை மூன்றாவது நட்சத்திரத்தையும் ஷாஃபிதான் கண்டான். ஏலியாஸ் சார் படிவத்தைக் கேட்டார். மிச்சத்தையும் வாசித்து முடித்து, என் பேருக்குப் பக்கத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். அழகான கையெழுத்து. எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ளாத கையெழுத்து. "கொல்லத்தில் வாக்குத் தந்தேன் அல்லவா" என்றார்.

ஞாயிறு காலை 7.00. கொடி இறக்கினோம். கொச்சிக்குப் போனால் எனக்கு அலுவலகம் உண்டு, மனைவி உண்டு, யாராவது கேட்டால் சொல்ல இந்தக் கதையும் உண்டு. பின்னறையில் மாலை ஐந்து மணிக்குக் கூடுகிற இந்தப் பதினான்கு பேருக்கும் இனி ஐந்து மணி என்பது வெறும் ஐந்து மணி. ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அணி முன்னால் நின்று கடைசிக் கட்டளையைச் சொல்ல வேண்டும். எந்த நேரமும் வாய் ஓயாத எனக்கு அந்த ஒரு சொல் வர நேரமாயிற்று.

"விசர்ஜன்" என்றேன்.

பதினான்கு பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள், சல்யூட் வைத்தார்கள். கட்டளைப்படி அதன்பின் கலைந்து போக வேண்டும். ஒருவனும் நகரவில்லை. நானும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.