உண்டியலில் விழுந்த இடது கால்

அம்மனை நம்பியும் நம்பாமலும் இதை வாசிக்கிற என் சொந்தங்களே, எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வலது முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. யாரும் என்மேல் மோதவில்லை. பந்தை வாங்கித் திரும்பினேன், அவ்வளவுதான். புல்லில் கிடந்தபோதே இனி சோற்றுக்கு என்ன வழி என்ற பயம் வந்துவிட்டது.

நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் பந்து உதைக்கப் பழகியவன் நான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகாமலே போய்ச் சேர்ந்தார். நானும் கொல்கத்தா, கோவா, கேரளா என்று கிளப் கிளப்பாக கான்ட்ராக்டில்தான் ஆடினேன். எனக்கு வலது கால்தான் எல்லாம். "எடது கால நடக்கறதுக்கு மட்டும் வெச்சிருக்கான்" என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள். சாமி விஷயத்தில் நான் கூழ் குடிக்க மட்டும் கோயிலுக்குப் போகிற ஆள்.

ஆபரேஷன் முடிந்து, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். ஆடி மாதம். என் மனைவி செல்வி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தாள். எந்த உறுப்பில் நோயோ அந்த உறுப்பைத் தகட்டில் அடித்து விற்பார்கள் அல்லவா, அதை வாங்கி உண்டியலில் போட்டிருக்கிறாள்.

"கடைக்காரம்மா எந்தக் காலுன்னு கேட்டாங்க மாமா. எடதுன்னு சொல்லி வாங்கிப் போட்டுட்டேன்."

"ஆபரேஷன் பண்ணது வலது காலுடி."

அவள் முகம் செத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் கட்டிலின் கால்மாட்டில், எனக்கு எதிரே நின்றுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் அவளுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. அந்த நினைப்பிலேயே சொல்லியிருக்கிறாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் கோயிலுக்கு ஓடினாள். பூசாரி உண்டியலைத் திறக்க முடியாது என்றாராம். "வலது கால் ஒண்ணு வாங்கிப் போடு தாயி, வேணான்னு சொல்லல. ஆனா மொதல்ல போட்டது போட்டதுதான். அது இனிமே அம்மாளுது." வந்து என்னிடம் அதைச் சொன்னாள். சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரம் அது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டொரு நாளில் என் இடது கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது.

சதை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஆட்டக்காரனுக்கு அது தலைவலி மாதிரி. ஆனால் வலி விடவில்லை. கால் வீங்கியது, தொட்டால் சுட்டது. செல்வி அந்தக் காலைப் பார்ப்பதும் சாமி படத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு கால் கத்தி பட்டுக் கிடக்கிறது, இன்னொரு காலை நாமே கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது.

என்னுடன் கோல்கீப்பராக ஆடிய பிரபு எண்ணெய்ப் புட்டியோடு வந்தான். சுளுக்கு நீவுவதில் கைகாரன். "ரெண்டு இழு இழுத்தா ஓடிப்பூடும் மச்சான்" என்று கையில் எண்ணெய் ஊற்றினான்.

செல்வி குறுக்கே வந்து விழாத குறை. "தொடாதீங்கண்ணே! அது அம்மா காலு."

"என்னாம்மா பேசற நீ?"

"அம்மாளுதுன்னு சொல்லிக்கினே இருக்கேன். யாரும் கைய வெக்கக் கூடாது."

கத்தினேன். வலியில் அவளைக் கண்டபடி திட்டினேன். அவள் காலுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள், அசையவில்லை. பிரபு புட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, வாய்விட்டுக் கேட்டேன். "தாயே, புரியாம கொடுத்துட்டா. என்னை விட்டுடு." உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு பதற்றம் பிடித்துக்கொண்டது. ஆட்டோ பிடித்தோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் காலை யாராவது அழுத்தித் தேய்ச்சாங்களா?"

"இல்லைங்க."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். படுத்தே கிடந்ததில் காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். நீவியிருந்தால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலை அடைத்திருக்கலாம், ஆளே போயிருக்கலாம் என்றார். செல்வி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிரபுவின் எண்ணெய்க் கை என் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மருந்தில் கட்டி கரைந்தது. முட்டி மட்டும் பழையபடி வரவே இல்லை, ஆட்டம் முடிந்தது. அழுதேன், மறைக்கவில்லை. பழைய கிளப்பின் கோச் கூப்பிட்டார். "கால் போனா என்னய்யா, வாய்தான் இருக்குதே, வா" என்றார். இன்று நான் அங்கே அசிஸ்டென்ட் கோச். பையன்களோடு ஓடுகிறேன், பந்து பொறுக்குகிறேன், தோற்றால் கோச்சோடு சேர்ந்து திட்டு வாங்குகிறேன். பந்தை இடது காலால்தான் போடுகிறேன், கோணல்மாணலாகப் போகும். யாராவது கெண்டைக்கால் வலி என்று உட்கார்ந்து, இன்னொருவன் எண்ணெயோடு வந்தால், என் கை தானாகக் குறுக்கே போகிறது. முதலில் டாக்டர் பார்க்கட்டும் என்பேன்.

எப்படிக் கேட்பது, என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நாங்கள் காலையே மாற்றிக் கொடுத்தவர்கள். அம்மன் முன்னால் போய் நில்லுங்கள், வாய்க்கு வந்ததைக் கேளுங்கள். அவளுக்குப் புரியும்.

இந்த ஆடியிலும் கோயிலுக்குப் போனோம். தகடு விற்கிற அம்மா "எந்தக் காலு?" என்று கேட்டாள். செல்வி தன் தப்பை நேர் செய்யப் பார்த்து, "வலது" என்று வாயெடுத்தாள்.

"எடதே குடுங்கம்மா" என்றேன்.